பழைய ஸ்டீரியோவின் முகப்பு: எந்தக் குமிழ், எந்த ஸ்விட்ச், ஏன்

1970களின் ரிசீவர் ஒன்று, அதாவது ரேடியோவும் ஆம்ப்ளிஃபயரும் (ஆம்ப்) ஒன்றாக உள்ள பெட்டி, மேசைமேல் இருக்கிறது. பிளக்கைக்கூடச் சொருகவில்லை. ஆனாலும் அதன் நிலவரம் முழுக்கக் கண்ணுக்குத் தெரிகிறது. வால்யூம் குமிழின் கோடு, கடிகார முள்ளாக நினைத்தால், 9 மணியில் நிற்கிறது. தாழ்ந்த ஒலிக்கான பாஸ் நடுவிலிருந்து இரண்டு படி வலமாக, உயர்ந்த ஒலிக்கான டிரெபிள் நட்டநடுவில், டேப் டெக்கின் ஒலியைக் கேட்க உதவும் டேப் மானிட்டர் நெம்பு கீழே, ஸ்பீக்கர் தேர்வு 'ஏ'யில். மின்சாரம் வந்ததும் என்ன சத்தம், எந்த வழியாக வரும் என்று பார்த்தே சொல்லிவிடலாம். இருட்டில் தடவிப் பார்த்தும் சொல்லலாம்.

இப்படிப்பட்ட முகப்பை விரும்புகிறவர்களைப் 'பழைய பாசம்' என்று கேலி செய்வது சுலபம். அலுமினியத்தின் குளிர்ச்சிக்கும் கனத்துக்கும் அதில் ஒரு பங்கு உண்டு, மறுக்கவில்லை. ஆனால் பெரிய பங்கு வேறு இடத்தில் இருக்கிறது. அந்தக் கருவிகளில் திருப்புகிற பொருளும் நிலையைக் காட்டுகிற பொருளும் ஒன்றே. குமிழ் நிற்கும் இடம்தான் அதன் நினைவு. இன்றைய கருவிகள் பலவற்றில் இருப்பது என்கோடர். அதற்குத் தொடக்கமும் கிடையாது, முடிவும் கிடையாது, சுற்றிக்கொண்டே இருக்கலாம். உள்ளே இரண்டு தொடுமுனைகள் மாறி மாறி மூடித் திறக்கும். எது முதலில் மூடியது என்பதை வைத்து, கூட்டுகிறீர்களா குறைக்கிறீர்களா என்று ஒரு சிப் ஊகிக்கும். அந்தத் தொடுமுனைகளில் ஒன்றில் அழுக்கேறினால் ஊகம் பிசகும். குறைக்கத் திருப்பினால் ஒரு படி குறைந்து இரண்டு படி ஏறும். பழைய குமிழ் கெட்டால் கரகரக்கும், திசை மாறாது.

இருந்தாலும் பழையது எல்லாமே நல்லது என்று சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு குமிழுக்குப் பின்னாலும் தேயக்கூடிய, கறுக்கக்கூடிய, பிசுக்கேறக்கூடிய ஒரு பாகம் இருக்கிறது. எதை விரும்புவது என்பதை, அந்தப் பாகம் என்ன வேலை செய்கிறது, எப்படிக் கெடுகிறது என்று தெரிந்துகொண்டு முடிவு செய்வதுதான் சரி.

வால்யூமிலிருந்தே தொடங்கலாம். குமிழின் தண்டுக்குப் பின்னால் இருப்பது கார்பன் பூசிய ஒரு வளைந்த தடம். அதன்மேல் ஒரு உலோக விரல் வழுக்கிச் செல்லும். ஸ்டீரியோ என்பதால் ஒரே தண்டில் இரண்டு தடம், இரண்டு விரல். நம் காது சத்தத்தை விகிதக் கணக்கில் கேட்பதால் தடத்தின் மின்தடையும் அதற்கேற்ப வளைந்து ஏற வேண்டும். இதைத்தான் லாக் என்கிறோம். சீராக ஏறும் லீனியர் வகையைப் போட்டால் பாதித் திருப்பத்திலேயே -6 டெசிபல் (ஒலி அளவை ஒப்பிடும் அலகு, 0 என்பது முழு அளவு) வந்துவிடும்; முதல் கால் சுற்றுக்குள் வீடு அதிரும், மீதி முக்கால் சுற்றில் ஒன்றும் பெரிதாக மாறாது. நல்ல லாக் வகை பாதித் திருப்பத்தில் மொத்த மின்தடையில் 10 முதல் 20 சதவீதத்தில் நிற்கும். 15 சதவீதம் என்றால் ஏறக்குறைய -16.5 டெசிபல்.

ஜப்பானியப் பாகங்களில் மின்தடை எண்ணுக்கு அருகே 'ஏ' என்ற எழுத்து இருந்தால் லாக், 'பி' என்றால் லீனியர். பழைய ஐரோப்பியப் பாகங்களில் இது தலைகீழாகவும் இருக்கும். எழுத்தை நம்ப வேண்டாம்: கழற்றிய பாகத்தை நடுவில் நிறுத்தி, நடுக்காலுக்கும் கீழ்க்காலுக்கும் இடையே மல்டிமீட்டரை வையுங்கள். மொத்தத்தில் பாதி காட்டினால் லீனியர்.

இங்கே ஒரு சிக்கல் பிறக்கிறது. விலை மலிவான லாக் தடம் உண்மையான வளைவு கிடையாது. வேறு வேறு மின்தடை கொண்ட இரண்டு மூன்று துண்டுகளை ஒட்டவைத்த ஏமாற்று வளைவு. இடது தடமும் வலது தடமும் அச்சு அசலாக ஒன்றாக வருவதில்லை. வித்தியாசம் மிகக் கூடுதலாகத் தெரிவது அடிமட்டத்தில், 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில். இரவில் மெதுவாகக் கேட்கும்போது பாடகர் ஒரு பக்கம் நகர்ந்து உட்காருவதற்குக் காரணம் பெரும்பாலும் இதுவே. அளந்து பார்க்க, இரண்டு சேனலிலும் ஒரே அளவில் பதிந்த 400 ஹெர்ட்ஸ் தொனியைப் போட்டு, பிரீ-அவுட்டில் (பவர் பகுதிக்கு முந்தைய, பின்பக்க வெளியீடு) இடது வலது ஏசி வோல்ட்டைக் குறியுங்கள். 8, 9, 10, 12 மணி என நான்கு இடங்கள் போதும். 1000 ஹெர்ட்ஸ் வேண்டாம், சாதாரண மல்டிமீட்டர்கள் அங்கே தப்புக் காட்டக்கூடும். இரு பக்கத்துக்கும் 12 சதவீத வித்தியாசம் என்றால் 1 டெசிபல். 41 சதவீதம் என்றால் 3 டெசிபல். 1 டெசிபலுக்குள் இருந்தால் விட்டுவிடுங்கள்.

பழைய ஆம்ப்களில் இந்த அடிமட்டத் தொல்லை இப்போது பெரிதாகத் தெரிவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அந்தக் காலத்து டியூனர், டேப் உள்ளீடுகள் 150 மில்லிவோல்ட் வந்தாலே முழு பவரைக் கொடுக்கும்படி அமைக்கப்பட்டவை. 1982-ல் சிடி வந்தது. அதன் உச்ச வெளியீடு 2 வோல்ட். இன்றைய டிஜிட்டல் பெட்டிகள் பலவும் அதே அளவைப் பின்பற்றுகின்றன. 2 வோல்ட்டை 150 மில்லிவோல்ட்டால் வகுத்தால் 13 மடங்குக்கு மேல், அதாவது 22.5 டெசிபல் அதிகம். குமிழ் 12 மணியைத் தொடும் முன்பே ஆம்ப் உச்சத்தைத் தாண்டி, ஒலி கிழியத் தொடங்கிவிடும். நீங்கள் அன்றாடம் கேட்கும் அளவு, தடத்தின் மிக மோசமான முதல் துண்டில் போய் மாட்டிக்கொள்கிறது.

முகப்பில் '-20 டெசிபல்' மியூட்டிங் நெம்பு இருக்கிறதா பாருங்கள். அதைத் தொலைபேசி வந்தால் தட்டிவிடும் வசதி என்று நினைத்துப் பலர் தொடுவதே இல்லை. அதை நிரந்தரமாகக் கீழே இறக்கிவிட்டுக் கேளுங்கள். குமிழ் 10 மணி, 11 மணிக்கு வந்து உட்காரும். இடது வலது சமநிலையும் திருந்தும், விரலுக்கும் நுணுக்கமான அசைவு கிடைக்கும். என் கணக்கில் பழைய முகப்புகளிலேயே அதிகம் பயன்படக்கூடிய, குறைவாக மதிக்கப்படும் ஸ்விட்ச் இதுதான். நெம்பு இல்லாத ஆம்ப் என்றால், ஒயரின் ஆம்ப் பக்க முனையில் சேனலுக்கு இரண்டு ரெசிஸ்டர் வைத்தால் போதும்: சிக்னல் வழியில் தொடராக 10 கிலோ ஓம், அதற்குப் பிறகு சிக்னலிலிருந்து தரைக்கு 3.3 கிலோ ஓம். சுமார் 12 டெசிபல் குறையும். 3.3-க்குப் பதில் 1 கிலோ ஓம் போட்டால் ஏறக்குறைய 21 டெசிபல். ஒரு சதவீத மெட்டல் ஃபிலிம் வகையாக எடுங்கள். இல்லையென்றால் சமநிலையைத் திருத்தப் போய்ப் புதிதாக ஒன்றைக் கெடுத்துவிடுவீர்கள்.

அடுத்தது, 'கிளிக்' வேண்டுமா, வழுவழுப்பு வேண்டுமா என்ற பழைய சண்டை. கிளிக் சத்தத்தோடு திரும்பும் வால்யூம் எல்லாமே ஒரே சாதி இல்லை. பலவற்றில் உள்ளே இருப்பது சாதாரணத் தடம்தான். தண்டில் பல் வெட்டிய ஒரு தகடும், அதன்மேல் விழுந்து எழும் ஒரு குண்டும் சேர்த்திருப்பார்கள். மற்ற வகையில் ஒவ்வொரு படிக்கும் தனித்தனி ரெசிஸ்டர் இருக்கும். இடது வலது பொருத்தம் மிகத் துல்லியமாக வரும். வித்தியாசம் கண்டுபிடிக்க, இரண்டு கிளிக்குகளுக்கு நடுவே குமிழைப் பிடித்து நிறுத்துங்கள். சத்தமும் நடுவாக நின்றால் அது தடம். நடுவில் ஒன்றும் மாறாமல் சட்டென்று தாவினால் ரெசிஸ்டர் ஏணி.

ஏணி வகை காகிதத்தில் சிறந்தது. ஆனால் படிக்கு 2 டெசிபல் என்றால் நள்ளிரவில் 'இது கொஞ்சம் ஜாஸ்தி, அது கொஞ்சம் கம்மி' என்று நடுவில் தவிக்க வேண்டியிருக்கும். என் தேர்வு கனமான குமிழும் பிசுக்கான திருப்பமும். அந்தப் பிசுக்கு தற்செயலாக வந்ததில்லை. தண்டுக்கும் அதைச் சுற்றிய பித்தளைக் குழலுக்கும் இடையே கெட்டியான டாம்பிங் கிரீஸ் வைத்திருப்பார்கள். விரலை எடுத்த இடத்தில் குமிழ் அப்படியே நிற்பதும், 'நல்ல கருவி' என்று கை சொல்வதும் அந்தத் துளி கிரீஸால்தான்.

கரகரப்பைப் போக்கச் சுத்தம் செய்கிறேன் என்று பலர் முதலில் அழிப்பதும் அதையே. எனவே சுத்தம் செய்யும் முறையைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

பிளக்கைப் பிடுங்குங்கள். மூடியைத் திறந்ததும் பெரிய ஃபில்டர் கெபாசிட்டர்களின் வோல்ட்டை அளங்கள். பிடுங்கிய பிறகும் சில நிமிடங்கள் மின்னேற்றம் நிற்கும். 2 வோல்ட்டுக்குக் கீழே இறங்கும் வரை கை வைக்க வேண்டாம். வால்யூம் பாகத்தின் பின்பக்கம், கால்கள் வெளிவரும் இடத்தில் ஒரு சின்னத் திறப்பு இருக்கும். கான்டாக்ட் கிளீனரின் மெல்லிய குழாயை அங்கே வைத்து, அரை நொடிக்குக் குறைவாக ஒரே ஒரு அழுத்து. தண்டுப் பக்கம் அடிக்காதீர்கள். அடித்தால் டாம்பிங் கிரீஸ் கரைந்து, அதுவரை கனமாகத் திரும்பிய குமிழ் காற்றாடி மாதிரி சுற்றும். பிறகு கோடியிலிருந்து கோடிவரை 30 தடவை திருப்புங்கள். கரைந்த அழுக்கு ஓரத்துக்குப் போக வேண்டுமே தவிர, தடத்திலேயே தேங்கக் கூடாது. ஒரு மணி நேரம் உலரவிட்டு மின்சாரம் கொடுங்கள்.

எந்த கிளீனர் என்பதும் முக்கியம். கார்பன் தடத்துக்கும் ஸ்விட்சுக்கும் டீஆக்சிட் டி5 போன்றவை பொருந்தும். ஈக்வலைசர் சறுக்கிகள், கண்டக்டிவ் பிளாஸ்டிக் தடங்கள் என்றால் மசகு கலந்த எஃப்5 வகைதான் நல்லது. வெறும் கரைப்பான் அடித்தால் சறுக்கி காய்ந்துபோய் இழுக்கும். டபிள்யூடி-40 எதற்கும் வேண்டாம். அன்று கரகரப்பு போய்விடும். சில மாதங்களில் அது விட்டுச்சென்ற எண்ணெய்ப் படலத்தில் தூசி ஒட்டி, முன்பைவிட மோசமாகத் திரும்பி வரும்.

எத்தனை முறை சுத்தம் செய்தும், திருப்பும்போதெல்லாம் 'பர்ர்' என்று கேட்கிறதா? அப்போது குற்றவாளி பெரும்பாலும் தடமாக இருக்காது. அதற்கு முன்னாலோ பின்னாலோ உள்ள, சிக்னலை விட்டு டிசியைத் தடுக்கும் கப்ளிங் கெபாசிட்டர் கசிந்து, தடத்தில் டிசி வோல்ட் ஏறியிருக்கும். மீட்டரை டிசி மில்லிவோல்ட்டில் வைத்து நடுக்காலுக்கும் தரைக்கும் இடையே பாருங்கள். ஓரிரு மில்லிவோல்ட் சரி. பத்துக்கணக்கில் காட்டினால் கெபாசிட்டரை மாற்றுங்கள். ஸ்ப்ரே டப்பாவை உள்ளே வைத்துவிடலாம்.

தடமே தேய்ந்துபோய்ப் புதிது வாங்கும்போது கால்களை எண்ணத் தவறாதீர்கள். சேனலுக்கு மூன்றுக்குப் பதில் நான்கு கால் இருந்தால், நான்காவது, மெதுவாகக் கேட்கும்போது பாஸைத் தூக்கிக் கொடுக்கும் லவுட்னஸ் பட்டனுக்கான கிளை. திருப்பத்தின் பாதிக்குச் சற்று முன்னே தடத்திலிருந்து எடுத்த ஒரு இணைப்பு அது. மூன்று கால் பாகம் அங்கே பொருந்திவிடும், வால்யூமும் வேலை செய்யும். லவுட்னஸ் பட்டன் மட்டும் ஊமையாகிவிடும்.

லவுட்னஸைப் பற்றி நிறையத் தப்பெண்ணம் உலவுகிறது. சத்தம் குறையும்போது நம் காதுக்குத் தாழ்ந்த ஒலிகள் மற்றவற்றைவிட வேகமாக மறையும் என்பதை பெல் ஆய்வகத்தில் ஃப்ளெட்சரும் மன்சனும் அளந்து 1933-ல் வெளியிட்டார்கள். அதை ஈடுசெய்யத்தான் அந்தப் பட்டன். சாதாரணப் பட்டனில் உள்ள குறை, அது குமிழின் இடத்தை மட்டுமே பார்க்கிறது. மேலே சொன்ன 2 வோல்ட் சிக்கலால் குமிழ் 8 மணியில் இருந்தாலும் அறையில் சத்தம் பலமாக இருக்கலாம். பட்டன் அதை 'மெதுவாகக் கேட்கிறார்கள்' என்று எடுத்துக்கொண்டு பாஸைக் கொட்டும். அறை முழுக்க ஊதிய பலூன் மாதிரி ஒலிக்கும். 'லவுட்னஸ் என்றாலே குப்பை' என்ற பெயர் வந்தது இப்படித்தான்.

யமஹா தன் 1970களின் சிஆர் ரிசீவர் வரிசையில் இதற்கு ஒரு தனிக் குமிழே கொடுத்தது. பயன்படுத்தும் முறை பலருக்குத் தெரிவதில்லை. முதலில் லவுட்னஸ் குமிழை ஃப்ளாட் நிலையில், அதாவது ஒலியில் எதையும் மாற்றாத இடத்தில், வையுங்கள். வால்யூமை, நீங்கள் எப்போதாவது கேட்கக்கூடிய அதிகபட்ச சத்தத்துக்கு ஏற்றுங்கள். இனி வால்யூமைத் தொட வேண்டாம். சத்தத்தைக் குறைப்பது லவுட்னஸ் குமிழால்தான். அது நடு ஒலிகளை இறக்கி, பாஸையும் டிரெபிளையும் அவ்வளவாக இறக்காமல் விடும். எந்த உள்ளீடாக இருந்தாலும் கணக்கு உங்கள் அறையின் உண்மையான சத்தத்திலிருந்தே தொடங்குகிறது. இதைவிடப் புத்திசாலித்தனமான குமிழை எந்த முகப்பிலும் பார்ப்பது கடினம். ஒரே ஒரு எச்சரிக்கை: நீங்கள் இல்லாத நேரம் யாராவது அதைத் திரும்ப ஃப்ளாட்டுக்குத் திருப்பினால் ஸ்பீக்கர் தூக்கிவாரிப் போடும்.

டோன் குமிழ்களுக்கு வருவோம். பீட்டர் பாக்ஸண்டால் 1952-ல் 'வயர்லெஸ் வேர்ல்ட்' இதழில் வெளியிட்ட சர்க்யூட்டும் அதன் வழிவந்தவையும்தான் ஆம்ப்களில் மிகப் பரவலாக இருப்பவை. நடுவில் தட்டை, இருபுறமும் ஏறக்குறைய 10 டெசிபல். நடுவை உணர ஒரு கிளிக் பள்ளம் வைத்திருப்பார்கள். அந்தப் பள்ளம் இயந்திர நடு மட்டுமே. மின் நடு சற்றுத் தள்ளி இருக்கலாம். டோன் குமிழ்களையே சிக்னல் வழியிலிருந்து விலக்கும் டோன் டிஃபீட் பட்டன் உள்ள ஆம்பில் அதை மாற்றி மாற்றி அழுத்துங்கள். குமிழ் நடுவில் இருந்தும் ஒலியின் நிறம் மாறினால் நடு தள்ளியிருக்கிறது என்று பொருள். குமிழை அரை மில்லிமீட்டர் நகர்த்திச் சரிசெய்துகொள்ளலாம். அதற்காகப் பாகத்தை மாற்ற வேண்டாம்.

பாஸை முழுக்க வலது கோடிக்குத் தள்ளுவதன் விலை பவரில் தெரியும். 10 டெசிபல் என்றால் பவரில் பத்து மடங்கு. 5 வாட்டில் ஓடிக்கொண்டிருக்கும் ஆம்பிடம் பாஸ் வரும் நொடிகளில் 50 வாட் கேட்கிறீர்கள். அதனால்தான் டோன் குமிழ் எந்த ஹெர்ட்ஸிலிருந்து வேலை செய்யும் என்று தேர்ந்தெடுக்கும் டர்ன்ஓவர் ஸ்விட்ச் உள்ள முகப்பை விரும்ப வேண்டும் என்கிறேன். பாஸுக்கு 200 அல்லது 400 ஹெர்ட்ஸ் என்று தேர்வு இருந்தால் 200-ஐ எடுங்கள். அடி ஒலி மட்டும் ஏறும், ஆண் குரல் தொண்டை கட்டியதுபோல் ஆகாது.

பேலன்ஸ் குமிழைத் தேவையற்றது என்று நினைப்பவர்கள், ஸ்பீக்கர்களுக்கு நட்டநடுவில் உட்காரும் அதிர்ஷ்டம் உள்ளவர்கள். இதற்குத் தனி வகைத் தடம் வேண்டும்: நடுவில் இரு சேனலுக்கும் இழப்பே இருக்காது, ஒரு பக்கம் திருப்பினால் எதிர்ப்பக்கம் மட்டும் குறையும். சாதாரண லீனியரை அங்கே போட்டால் நடுவிலேயே இரு பக்கமும் குறைந்துவிடும். மாற்றும்போது 'எம்என்' என்ற குறி உள்ளதைக் கேளுங்கள்.

ஸ்விட்சுகளில் என் வரிசை தெளிவானது: நெம்பு முதலில், சுழல் அடுத்து, அழுத்து பட்டன் கடைசி. நெம்பின் நிலை தூரத்திலிருந்தே தெரியும். விரலுக்கும் 'டக்' என்ற தீர்மானமான பதில் கிடைக்கும். உள்ளே அது ஒரு சறுக்குத் தொடுமுனை, அசைக்கும் ஒவ்வொரு முறையும் தன்னைத்தானே துடைத்துக்கொள்ளும். அழுத்திப் பூட்டும் பட்டனில் நிலையைப் பிடித்து நிறுத்துவது ஒரு குண்டூசி அளவு எஃகுக் கம்பி. பிளாஸ்டிக்கில் இதய வடிவில் செதுக்கிய ஒரு பள்ளத்தில் அதன் வளைந்த முனை ஓடி, இதயத்தின் மேல் மடிப்பில் போய் அமரும். மறுபடி அழுத்தினால் மறுபக்கமாக வழுக்கி வெளியே வரும். பள்ளத்தில் கிரீஸ் காய்ந்தாலோ கம்பி வளைந்தாலோ பட்டன் நிற்காது, அல்லது வெளியே வராது. திறக்க நேர்ந்தால் ஒரு பிளாஸ்டிக் பைக்குள் கைவிட்டுத் திறங்கள். ஸ்பிரிங் அந்தக் கம்பியை எங்கே எறியும் என்று சொல்ல முடியாது. பல கருவிகளில் ஸ்விட்ச் பின்பலகையில் இருக்கும், முகப்பிலிருந்து ஒரு நீளக் கம்பி போய் அதைத் தள்ளும். ஸ்விட்சைக் குறைசொல்லும் முன் அந்தக் கம்பியின் பிளாஸ்டிக் இணைப்பு வெடித்திருக்கிறதா பாருங்கள்.

ஒரு சேனல் வருவதும் போவதுமாக இருக்கும் நோய்க்குப் பெரும்பாலும் வால்யூம் பாகத்தின் மேல் பழி விழும். அறிகுறியைக் கவனியுங்கள். மெதுவாக வைத்தால் ஒரு பக்கம் மங்குகிறது. சட்டென்று கூட்டினால் 'டப்' என்று திரும்புகிறது. பிறகு குறைத்தாலும் கொஞ்ச நேரம் நிற்கிறது. இது கறுத்த தொடுமுனையின் கையெழுத்து. வெள்ளி பூசிய முனைகள் காற்றிலுள்ள கந்தகத்தால் கறுத்து, சின்ன சிக்னலைத் தடுக்கும். பெரிய சிக்னல் அந்தப் படலத்தை உடைத்துக்கொண்டு போய்விடும். வால்யூமைத் தொடாமல் டேப் மானிட்டர் நெம்பைப் பத்து முறை அசையுங்கள். சரியானால் அதுதான். ஆகவில்லையா, பின்பக்கம் பிரீ-அவுட்டையும் பவர் பகுதியின் உள்ளீடான மெயின்-இன்னையும் இணைக்கும் 'ப' வடிவ உலோகத் துண்டுகளை உருவித் துடைத்து மாட்டுங்கள். அப்படியும் இல்லையென்றால், ஆன் செய்த சில நொடிகளில் 'கிளக்' என்று ஒலிக்கும் ஸ்பீக்கர் ரிலேதான். அதன் முனைகளுக்கிடையே கிளீனர் தடவிய காகிதக் கீற்றை வைத்து, முனையை மெல்ல அழுத்தி உருவலாம். உப்புத்தாள் போட்டால் வெள்ளிப் பூச்சு போய்விடும். இரண்டு மாதத்தில் ரிலேவே மாற்ற வேண்டியிருக்கும்.

சுத்தமாகச் சத்தமே வரவில்லை என்றால் எதையும் திறக்கும் முன் டேப் மானிட்டர் மேலே இருக்கிறதா பாருங்கள். சிக்னலை வெளியே அனுப்பி, டேப் டெக்கிலிருந்து திரும்பி வரக் காத்திருக்கும் நிலை அது. டெக் இல்லையென்றால் என்றைக்கும் வராது. கூச்சப்படாமல் பாருங்கள், எல்லோருக்கும் நடப்பதுதான்.

டியூனிங் குமிழ்தான் இந்த உலகத்தின் சுகம். தண்டின் பின்னால் கனமான உலோகச் சக்கரம் ஒன்று இருக்கும். ஒரு தட்டு தட்டினால் முள் 88-லிருந்து 108 மெகாஹெர்ட்ஸ் வரை தானே ஓட வேண்டும். மராண்ட்ஸ் தன் கைரோ-டச் ரிசீவர்களில் அந்தச் சக்கரத்தையே படுக்க வைத்து, விளிம்பை முகப்பில் நீட்டிவிட்டது. விரல் நேராகச் சக்கரத்தையே தொடுகிறது.

சக்கரம் சுற்றியும் முள் நகராமல் வழுக்கினால் டயல் நூல் தளர்ந்திருக்கும், அல்லது தண்டில் எண்ணெய் பட்டிருக்கும். தண்டை ஆல்கஹாலில் துடைத்து, தண்டைச் சுற்றிய நூலில் பொடித்த ரோசின் என்ற மரப்பிசினைத் துளி தடவினால் தற்காலிகமாகப் பிடிக்கும். நூலையே மாற்றும்போது பின்னல் நைலான் வேண்டும், தடிமன் 0.6 முதல் 1 மில்லிமீட்டர். ஒற்றை இழைத் தூண்டில் நரம்பு வழுக்கும். பருத்தி நூலின் நீளம் ஈரத்தில் மாறும். பழையதை அறுப்பதற்கு முன் ஒவ்வொரு கப்பியையும் படம் எடுங்கள். நிலையத்தைத் தேர்ந்தெடுக்கும், தகடுகள் கொண்ட கேங் கண்டென்சரை முழுக்க மூடிய நிலைக்குத் திருப்பிவிட்டு, அதன் தண்டில் உள்ள பெரிய சக்கரமான டிரம்மிலிருந்து தொடங்கி, டியூனிங் தண்டில் இரண்டரை அல்லது மூன்று சுற்று போட்டு, மறுபடி டிரம்முக்கு வந்து ஸ்பிரிங்கில் முடியுங்கள். ஸ்பிரிங் தன் நீளத்தில் பாதி அளவு கூடுதலாக நீண்டு நிற்க வேண்டும். முடிச்சில் ஒரு சொட்டு நகப்பூச்சு. பிறகு தெரிந்த நிலையம் ஒன்றைப் பிடித்து, முள்ளை நூலில் நகர்த்தி அந்த எண்ணில் நிறுத்துங்கள்.

நிலையம் தேடும்போது மட்டும் கரகரக்கிறது என்றால் கேங்கின் தண்டைத் தரையோடு இணைக்கும் சின்னப் பித்தளை ஸ்பிரிங்குகள் கறுத்திருக்கும். ஒரு குச்சியின் நுனியில் கிளீனரைத் தொட்டு அங்கே மட்டும் வையுங்கள். தகடுகளின்மேல் ஸ்ப்ரே அடிக்காதீர்கள். ஒரு தகடு வளைந்தாலும் டயல் எண்ணெல்லாம் பொய்யாகும். டயல் கண்ணாடியின் உள்பக்கத்தை ஈரத்துணியால் துடைப்பதும் கூடாது. எண்கள் அச்சிட்டிருப்பது பெரும்பாலும் அந்தப் பக்கத்தில்தான். ஒரே துடைப்பில் 96-லிருந்து 104 வரை துணியோடு வந்துவிடும்.

குமிழ்களைக் கழற்றும்போது முதலில் பக்கவாட்டில் திருகு இருக்கிறதா பாருங்கள். ஜப்பானியக் குமிழ்களில் 1.5 அல்லது 2 மில்லிமீட்டர் அறுகோணச் சாவி, அமெரிக்கக் குமிழ்களில் அங்குல அளவு. 1.59 மில்லிமீட்டர் துளையில் 1.5 சாவி நுழைந்துவிடும், திருப்பியதும் மூலைகளை வழித்துவிடும். திருகே இல்லையென்றால் இழுத்து எடுப்பது. ஸ்க்ரூடிரைவரால் நெம்பினால் முகப்பில் விழும் கீறல் ஆயுசுக்கும் நிற்கும். குமிழுக்குப் பின்னால் ஒரு துணிப்பட்டையைச் சுற்றி இரு முனையையும் சேர்த்து நேராக இழுங்கள். மாற்றுக் குமிழ் வாங்குமுன் தண்டை அளங்கள்: 6 மில்லிமீட்டரா, கால் அங்குலமான 6.35-ஆ என்று. பெரிய துளைக் குமிழைச் சின்னத் தண்டில் போட்டால் சுற்றும்போது தள்ளாடும்.

கழுவ வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீர் போதும். முகப்பு எழுத்துகளுக்கு அம்மோனியா கலந்த கண்ணாடித் திரவம் ஆகாது, எழுத்தே கரைந்துவிடும். திரும்ப மாட்டும்போது குமிழுக்கும் முகப்புக்கும் இடையே ஒரு தபால் அட்டையின் தடிமன் அளவாவது இடைவெளி விடுங்கள். உரசினால் முகப்பில் வட்டக் கோடு விழும். வால்யூம் குமிழைக் குத்துமதிப்பாக 12 மணியில் வைத்துத் திருகை இறுக்காதீர்கள். தண்டை இடது கோடிவரை திருப்பி, கோட்டை 7 மணிக் குறியில் வைத்து இறுக்குங்கள். டோன், பேலன்ஸ் என்றால் நடுப்பள்ளத்தில் தண்டு 'டக்' என்று விழுந்த பிறகு கோட்டை 12 மணிக்கு வைத்து இறுக்க வேண்டும்.